ஆணியில் தொங்காத மோதிரம்

அத்தியாயம் 6

"இந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் யாருன்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் கோர்ட் கூடுறதுக்குள்ள தெரியணும்" என்றார் வரதராஜுலு.

இருங்காட்டுக்கோட்டையில், நெடுஞ்சாலையைப் பார்த்த மாடியில், ஏசி போட்ட அறை. சுவர் முழுக்க கேடயங்கள். ஏழைத் தொழிலாளர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் 'நீதித்துணை மைய'த்தின் செயலாளர் அவர். ஏழைகள் அந்த மாடிப்படி ஏறி வந்த அடையாளம் எதுவும் அறையில் தென்படவில்லை என்று செல்லக்கனிக்குத் தோன்றியது. விருந்தாளிகளுக்குப் போடும் மெத்தை நாற்காலியில் ஒரு கறைகூட இல்லையே.

செல்லக்கனி தூத்துக்குடிப் பக்கம். செல்போன் கம்பெனி வேலைக்காக வந்தவள், சூப்பர்வைசரிடம் வாய் பேசி அந்த வேலையைத் தொலைத்தவள். அதே வாய்க்காக அவளைத் துணைக்கு வைத்துக்கொண்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாரதா. போலீஸ் உடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். அளந்துதான் பேசுவார். மிச்சத்தைச் செல்லக்கனி பேசிவிடுவாள்.

வரதராஜுலு தன் போனை மேசைமேல் வைத்துத் தட்டினார். வாட்ஸப்பில் ஊர் சுற்றி வந்த குரல் பேசியது.

"அண்ணங்களா, கேட்டுக்கோங்க. நம்ம காலனி சுபாஷ புட்சிகினு போனாங்களே, அவனுக்கு ஃப்ரீயா வக்கீல் வந்தாரு. வந்து இன்னா பண்ணாரு? கண்ணாடியக் கழட்டி டையில தொடச்சிகினே 'அடிச்சாங்களா?'ன்னு கேட்டாரு. இல்லன்னு பதிலு வந்திச்சு. 'நல்லது'ன்னு கெளம்பிட்டாரு. அடிச்சவன் கதவுக்கு அந்தாண்ட நிக்கசொல்ல எவன்யா ஆமான்னு சொல்லுவான்? இதுக்குப் பேரு சட்ட உதவியா? போலீசும் இவங்களும் கூட்டு. நாளைக்கு உங்கள புட்சிகினு போனாலும் இதே கதிதான்."

போன் அடங்கியது. "நல்லாத்தான் பேசுதான். எலெக்‌ஷன்ல நின்னா ஜெயிச்சிருவான்" என்றாள் செல்லக்கனி.

வரதராஜுலு சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். கருமாரி நகர் காலனியில் குடியிருக்கும் சுபாஷ், கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். ஒரு கிடங்கில் செம்புக் கம்பி திருடியதாகப் போலீஸ் அவனைப் பிடித்தது. சிறைக்குப் போன பிறகு அவன் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்தான். ஸ்டேஷனில் உள்ளங்கால் பிய்ந்து போக அடித்தார்கள், அடி தாங்காமல் ஒப்புக்கொண்டேன், அங்கே எந்த வக்கீலும் என்னை வந்து பார்க்கவில்லை என்றான். மாஜிஸ்திரேட் மையத்திடம் பதில் கேட்டிருந்தார். நாளைக் காலை பதில் போக வேண்டும்.

"பதில் ரெடி. எங்க வக்கீல் அன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போனாரு, சுபாஷைத் தனியாப் பாத்தாரு, அடிச்சதா அவன் சொல்லவே இல்லன்னு போட்டாச்சு. ஆனா இந்தக் குரல் நம்ம பேரை நாறடிக்குது. நிதி கொடுக்கிற கம்பெனிக்காரங்க கேள்வி கேக்குறாங்க. விமர்சனம் வரலாம்மா. ஆதாரத்தோட வரணும்."

அந்தப் பதில் கோர்ட்டுக்குப் போனால் சுபாஷின் கதை முடிந்தது. அடித்தார்கள் என்று அவன் சொல்வதை அவனுக்கென்று போன வக்கீலே பொய்யென்று சொன்ன மாதிரி ஆகிவிடும். சாரதா அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

"வேடிக்கையா இருக்கு சார். சுபாஷ், வக்கீலே வரலங்குறான். அவனுக்குப் பரிஞ்சு பேசுற இந்தக் குரல், வக்கீல் வந்தாருங்குது. ரெண்டு பேரும் ஒரே கட்சி. ஆனா பேச்சு ஒத்துவரல."

"அதான் சொல்றேன், ரெண்டும் பொய்!" என்றார் வரதராஜுலு சந்தோஷமாக.

"இல்ல ரெண்டும் நெசமாவும் இருக்கலாம்" என்று எழுந்தார் சாரதா. "உங்க வக்கீலைப் பாக்கலாமா?"

பக்கத்து அறையில் அஸ்வின் இருந்தான். சின்ன வயது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. மனசாட்சி உள்ள முகம் என்று செல்லக்கனிக்குப் பட்டது. அப்படிப்பட்ட முகங்களை ஏமாற்றுவது சுலபம் என்பதும் கூடவே பட்டது.

"நான் போனேன் மேடம். சத்தியமாப் போனேன். ஒரு ரூம்ல நாற்காலி போட்டு அவனை உக்கார வச்சிருந்தாங்க. கைதியோட தனியாத்தான் பேசுவேன்னு சொல்லி, போலீஸ்காரங்களை வெளிய அனுப்பி, நானே கதவைச் சாத்தினேன். நடைமுறை எதையும் நான் மீறலை."

"சுபாஷை அதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்ல. இவன்தான் சுபாஷ்னு அவங்க காட்டினாங்க."

"அப்புறம் கோர்ட்டுல?"

அஸ்வின் தயங்கினான். "ரிமாண்டுக்கு வேற வக்கீல் போனாரு. ஸ்டேஷனுக்கு ஒருத்தர், கோர்ட்டுக்கு ஒருத்தர். எங்க மையத்துல அப்படித்தான்."

"கம்பெனி மாதிரியே வக்கீலுக்கும் ஷிப்டா? ஷிப்டு முடிஞ்சும் இருந்தா ஓ.டி. உண்டா சார்?" என்றாள் செல்லக்கனி.

அஸ்வின் கண்ணாடியைக் கழற்றினான். டையின் நுனியால் அதைத் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்கே தெரியாமல் கை அந்த வேலையைச் செய்தது. செல்லக்கனி வாயை மூடிக்கொண்டாள். சாரதா அவளைப் பார்த்தார், அவள் சாரதாவைப் பார்த்தாள்.

"அஸ்வின், அந்தக் காலனிக்கு நீங்க போனதுண்டா? அந்த ஆளுங்க யாராவது உங்களைப் பாத்திருப்பாங்களா?"

"போனதே இல்ல."

"சரி. ரூம்ல அவன் எப்படி இருந்தான்?"

"ரொம்பப் பயந்திருந்தான். நிமிர்ந்தே பாக்கலை. விரல்ல ஒரு வெள்ளி மோதிரம், வேல் போட்டது. பேசி முடிக்கிற வரைக்கும் அதைச் சுத்திக்கிட்டே இருந்தான். அடிச்சாங்களான்னு கேட்டேன். இல்லன்னான். நான் நம்பிட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "ஏன் மேடம், நான் நம்பியிருக்கக் கூடாதா?"

சாரதா செல்லக்கனிக்குக் கிளம்பலாம் என்று கண் காட்டினார்.

ஸ்கூட்டரில் ஏறியதும் செல்லக்கனி கேட்டாள். "அக்கா, எனக்கு மண்டை காயுது. மூடின கதவுக்கு உள்ள ரெண்டே பேரு. வக்கீல் கண்ணாடி தொடச்சதும் 'நல்லது'ன்னு சொன்னதும் அந்த நாற்காலியில இருந்தவனுக்கு மட்டுந்தான் தெரியும். அவன் உள்ள கெடக்கான். குரல் வெளிய திரியுது. ஜெயில்ல வாட்ஸப் குடுக்காவளோ?"

"குடுத்தா நம்ம ஊருல ஜெயிலுக்குக் கூட்டம் தாங்காது. வண்டிய காலனிக்கு வுடு."

வல்லம் வடகால் தாண்டி, முன்பு நெல் விளைந்த நிலத்தில் முளைத்த காலனி. வரிசை வரிசையாக ஒற்றை அறைகள், மேலே தகரமும் சிமெண்ட் ஓடும், ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் நாலைந்து ஜோடி சேஃப்டி ஷூ. ஒருவன் ஷிப்டு முடிந்து வந்து படுத்த பாயில்தான் அடுத்தவன் எழுந்து போன சூடு இருக்கும். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. குழாயடியில் இருந்த பெண்களிடம் போனில் இருந்த குரலைப் போட்டுக் காட்டினாள் செல்லக்கனி. எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவர்கள் சொன்ன வேகத்திலேயே எல்லாருக்கும் தெரியும் என்பது தெரிந்தது.

"நீங்க போலீசா, மையமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரெண்டும் இல்லம்மா."

"ரெண்டுல எதுவா இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் அவள். சாரதாவின் முகம் சுருங்கியதைச் செல்லக்கனி கவனித்தாள். அந்தப் பெண் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

சுபாஷின் அறையில் ஐயனார் இருந்தான். அவனும் அதே கம்பெனி, அதே லைன். அப்போதுதான் தூங்கி எழுந்தவன், கண் சிவந்திருந்தது. இந்த அறையில் மூன்று பேர் என்றான். சுபாஷ், பிரவீன், அவன்.

"பிரவீன் எங்க?"

"ஷிப்டுக்குப் போய்க்கிறான் மேடம்."

அறையில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாய், பக்கெட், ஒரு சின்ன கேஸ் அடுப்பு. கதவை ஒட்டிய சுவரில் மூன்று ஆணிகள் வரிசையாக அடித்திருந்தன. நடு ஆணியில் ஒரு சிவப்புக் கயிறும் ஒரு செம்பு மோதிரமும் தொங்கின. மற்ற இரண்டும் காலி. சாரதா அந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது இன்னா?"

"அது சுபாஷோடது" என்றான் ஐயனார். "நாங்க முடிஞ்ச வண்டிய செக் பண்ற லைன்ல இருக்கோம். கைல மோதிரம், வாட்ச்சு, கயிறு எதுவும் ஆவாது. பெல்ட்டு பக்கிளுக்கே துணி சுத்தணும். பெயிண்ட்ல ஒரு கீறல் வுழுந்தா அவ்ளோதான், வேல காலி. அதான் கெளம்பசொல்ல கழட்டி இங்க மாட்டிடுவோம். வந்ததும் எடுத்துப் போட்டுக்குவோம்."

"அப்ப சுபாஷை எங்க பிடிச்சாங்க?"

"பஸ் ஸ்டாப்புல. யூனிஃபார்மோட ஷிப்டுக்குக் கெளம்பி நின்னுகினு இருந்தான். அப்டியே ஜீப்புல ஏத்திட்டாங்க."

செல்லக்கனி நடு ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். சுபாஷின் மோதிரம் பிடிபட்ட நாளில் இருந்து இதே ஆணியில்தான் தொங்குகிறது. வெறும் கையோடு ஜீப்பில் ஏறியவன், ஸ்டேஷனில் எந்த மோதிரத்தைச் சுற்றிக்கொண்டு இருந்தான்?

"அக்கா. வக்கீலு பாத்தது சுபாஷ இல்ல" என்றாள் மெதுவாக.

"இல்ல." சாரதா ஐயனாரைப் பார்த்துத் திரும்பினார். "ஐயனாரு, உன் மோதிரம் எங்க?"

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். பித்தளை மோதிரம் விரலில் இருந்தது. வீட்டில் இருக்கிறான், போட்டிருக்கிறான்.

"சரி. பிரவீன் ஷிப்டுக்குப் போயிருக்கான்னு சொன்ன. அப்ப அவன் மோதிரம் இந்த ஆணியில தொங்கணுமே. வெள்ளி மோதிரம். வேல் போட்டது."

ஐயனார் காலி ஆணியைப் பார்த்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான்.

"அவன ஒண்ணும் பண்ணிடாதீங்க மேடம்" என்றான். "அவன் நல்ல பையன். அந்த நாள்லேர்ந்து கம்பெனிக்குப் போவல. வூட்டுக்கும் வர்றதில்ல. ஒரகடம் லாரி பார்க்கிங்குல வண்டி கழுவிகினு கீறான்."

ஒரகடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் பெரிய மைதானம். டீசல் நாற்றமும் சேறும். லாரிகளுக்கு இடையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒல்லிப் பையன் இவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை. குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் அவன் கால்மேலேயே பாய்ந்தது. இடது கை விரலில் வேல் போட்ட வெள்ளி மோதிரம்.

"போலீஸ் இல்லப்பா" என்றார் சாரதா.

"யாரா இருந்தா இன்னா மேடம். என்னிக்காவது யாராவது வருவாங்கன்னு தெரியும்."

செல்லக்கனி குழாயை அடைத்துவிட்டு வந்தாள். "எலெக்‌ஷன்ல நிக்கிற குரலு நீதானா?"

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிறகு சொன்னான். சுபாஷோடு அவனும் அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். வார விடுமுறை, சுபாஷை வழியனுப்பப் போனவன். அதனால்தான் கையில் மோதிரம். இரண்டு பேரையும் ஏற்றிப் போனார்கள். அடி சுபாஷுக்கு. பிரவீனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். சாயங்காலம் வக்கீல் வருகிறார் என்றதும் ஸ்டேஷன் பரபரத்தது. சுபாஷால் எழுந்து நிற்க முடியவில்லை.

"இன்ஸ்பெக்டரு வந்து எங்கையில டீ குடுத்தாரு மேடம். 'வக்கீல் வந்தா உம்பேரு சுபாஷ். அடிச்சாங்களான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. சொல்லிட்டு வூட்டுக்குப் போ. இல்லாட்டி நீயும் உள்ள'ன்னாரு. சொன்னேன். வூட்டுக்குப் போய்ட்டேன்." மோதிரத்தைச் சுற்றினான். "அந்த வக்கீலு நல்ல மனுசன்தான். கண்ணுல பாத்து இன்னொருவாட்டி கேட்டிருந்தா சொல்லிருப்பேன். 'நல்லது'ன்னுட்டாரு. அந்த ஒரு வார்த்த எனக்குத் தூக்கத்துல கூட கேக்குது. சுவத்துக்கு அந்தாண்ட அவன் கத்தினத கேட்டுட்டு, இந்தாண்ட நான் இல்லன்னு சொன்னேன். அத நான் சொல்லாம இன்னா பண்றது? சொன்னா நான் மாட்டிப்பேன். அதான் பேர வுட்டுட்டு மிச்சத்த வாட்ஸப்புல சொன்னேன்."

ஒரு லாரி ஹாரன் அடித்து நகர்ந்தது.

"நாளைக்குக் கோர்ட்ல இத சொல்லுவியா?" என்று கேட்டார் சாரதா. "சொல்லாட்டி சுபாஷ் பொய்யன்னு பதிவாயிடும். திருட்டுக் கேசுல அவன் ஒப்புக்கினதுதான் நிக்கும்."

பிரவீன் செல்லக்கனியைப் பார்த்தான். ஏன் அவளைப் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா முகமோ என்னவோ.

"வாடா தம்பி. நாங்க இருக்கோம்லா. ஒண்ணும் ஆவாது" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான்.

அன்று சாயங்காலமே சாரதா மையத்துக்குப் போய் வரதராஜுலுவிடமும் அஸ்வினிடமும் எல்லாவற்றையும் சொன்னார். பிரவீன் எங்கே இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்குக் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்வான் என்றார். அஸ்வின் வெளுத்துப் போனான். வரதராஜுலு மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

"பிரமாதம். பதிலை மாத்திடறேன். உண்மைதான் நமக்கு முக்கியம்."

மாடிப்படி இறங்கும்போது செல்லக்கனிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த வேலையில் அது எப்போதாவதுதான் நடக்கும். ஆகவே ரோட்டுக்கடையில் சாரதாவுக்கும் சேர்த்து இரண்டு பஜ்ஜி வாங்கினாள்.

மறுநாள் காலை கோர்ட் வாசலில் ஐயனார் மட்டும் நின்றான். மூச்சு வாங்கியது.

"புட்சிட்டாங்கக்கா. இதோ, இந்த கேட்டாண்டயே. எங்கூட ஆட்டோலேர்ந்து எறங்கினான், மப்டில நின்னுகினு இருந்தவங்க தூக்கிட்டாங்க. செம்புக் கம்பி கேசுல அவன்தான் ரெண்டாவது ஆளாம்."

செல்லக்கனி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவன் கோர்ட்டுக்கு வருவான் என்று தெரிந்தவர்கள் ஐந்தே பேர். அதில் மூன்று பேர் இங்கே நிற்கிறார்கள், அஸ்வின் உள்ளே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஐந்தாவது ஆள் வராந்தாவில் வெள்ளைச் சட்டையில் நின்று யாருடனோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

சாரதா நேராக அவரிடம் போனார். "நீங்கதானே சொன்னீங்க?"

"நான் விளக்கம் கேட்டேம்மா" என்றார் வரதராஜுலு, குரல் உயராமல். "போலீஸ் மேல ஒரு குற்றச்சாட்டு வருது. அவங்க தரப்பையும் கேக்கணும் இல்லையா? அதுதான் நடைமுறை. அவங்க விசாரிச்சதுல அந்தப் பையனும் திருட்டுல கூட்டுன்னு தெரிஞ்சிருக்கு. திருடன் பேச்சை வச்சு நாம பதில் எழுத முடியுமா? பழைய பதிலே போகட்டும்."

"இவனுக்கும் ஃப்ரீயா வக்கீல் வைப்பியளா சார்?" என்றாள் செல்லக்கனி.

"கண்டிப்பா" என்றார் அவர். கிண்டல் அவருக்கு எட்டவே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது. தன் வாயால் சொன்ன 'ஒண்ணும் ஆவாது' அவள் காதிலேயே திரும்பக் கேட்டது.

உள்ளே அந்தப் பழைய பதிலை மையத்தின் மூத்த வக்கீல் வாசித்தார். எங்கள் வக்கீல் அஸ்வின் காவல் நிலையம் சென்றார், சுபாஷைத் தனிமையில் சந்தித்தார், தாக்கப்பட்டதாக அவர் எந்தப் புகாரும் கூறவில்லை, மையத்தின் மீதும் காவல்துறை மீதும் கூறப்படும் விமர்சனங்கள் ஆதாரமற்றவை. வாசிப்பு தங்கு தடையில்லாமல் போனது. மாஜிஸ்திரேட் கேட்டுக்கொண்டே எழுதினார்.

கூண்டருகே சுபாஷ் நின்றான். நிற்கிறான் என்று சொல்வது மரியாதைக்கு. குதிகாலை ஊன்றாமல், சுவரில் தோளைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

அஸ்வின் வக்கீல்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தான். அவனும் சேர்ந்து உண்மையை முழுங்கிவிடுவான் என்றுதான் செல்லக்கனி நினைத்தாள். நினைக்கும்போதே அவன் எழுந்துவிட்டான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவ்வளவு நடைமுறை பார்த்தவன், வரிசையைத் தாண்டி நடந்துபோய் சுபாஷுக்கு எதிரில் நின்றான்.

சுபாஷ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். கறுப்பு அங்கி போட்டவர்கள் கிட்டே வந்தாலே அவனுக்கு இப்போது பயம்.

"நீங்க யாரு சார்?" என்றான்.

கோர்ட்டில் அப்போது மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அந்தக் கேள்வி கடைசி பெஞ்சு வரை கேட்டது. மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது.

"ஐயா" என்றான் அஸ்வின், திரும்பி. கண்ணாடியைத் துடைக்கவில்லை. "இப்ப வாசிச்ச பதில்ல இருக்கிற அஸ்வின் நான்தான். இந்த ஆளை இப்பதான் முதல் தடவையாப் பாக்கறேன். அன்னிக்கு ஸ்டேஷன்ல எனக்குக் காட்டினது வேற ஆள். வெள்ளி மோதிரம் போட்டிருந்தவன். அவனைக் காலையில இந்தக் கோர்ட் வாசல்ல கைது பண்ணியிருக்காங்க."

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. சுபாஷை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டார். அவன் ஜாமீனில் வந்தான். இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்கு மாற்றலானார், அங்கேயும் ஸ்டேஷன்தான், அங்கேயும் நாற்காலி இருக்கும். வரதராஜுலு புதிய பதில் கொடுத்தார். நடைமுறையில் நேர்ந்த சிறு குறையை மையம் தானே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டது என்று அதில் இருந்தது. அஸ்வினை மையத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். பிரவீனை மட்டும் யாரும் வெளியே எடுக்கவில்லை. வக்கீலிடம் சுபாஷ் என்று பெயர் சொல்லி ஏமாற்றினான் என்று அவன்மேல் இன்னொரு வழக்கும் சேர்ந்துவிட்டது. ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒருவன் கைதி நாற்காலியில் உட்கார்ந்தானாம். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது.

இப்போது வேலையில்லாத அஸ்வின், பிரவீனுக்காகச் சொந்த முறையில் ஒரு வக்கீலைப் பிடித்திருந்தான். அவரோடு சாரதாவும் செல்லக்கனியும் சிறைக்குப் போனார்கள். உள்ளே போகும்போது கழற்றி வாங்கிய மோதிரத்தை வெளியே கொடுத்தனுப்பச் சொல்லி அவனிடம் தந்திருந்தார்கள். பிரவீன் கம்பிக்கு இடையில் கையை நீட்டினான்.

செல்லக்கனி முதலில் அந்த முகத்தைத்தான் பார்த்தாள். இந்த ஆள்தான் இந்த ஆள் என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டாள். பிறகுதான் கையைப் பார்த்தாள்.

"இத ரூம்ல மாட்டிடுக்கா. என் ஆணி கடைசி ஆணி."

"தம்பி, நான் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்லா…"

"வுடுக்கா. நீ மட்டுமா சொன்ன" என்றான் அவன். கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அறைக்கு வந்தபோது சுபாஷ் பாயில் கால் நீட்டிக் கிடந்தான். சிவப்புக் கயிறும் செம்பு மோதிரமும் அவன் கையில் இருந்தன. கம்பெனி அவனை வேலையை விட்டு எடுத்துவிட்டது. இனி அதைக் கழற்ற வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. செல்லக்கனி கடைசி ஆணியில் வெள்ளி மோதிரத்தை மாட்டினாள். சுபாஷ் அதைப் பார்த்தான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. ஒரு அம்மா நின்றாள். கையில் ஒயர் கூடை, காலெல்லாம் புழுதி.

"பிரவீன் ரூமு இதானுங்களா? நான் அவங்கம்மா, சரோஜா. காஞ்சிபுரத்துக்கு அந்தாண்டேர்ந்து வரேன். ஃபோன் போட்டா எடுக்க மாட்டேன்றான். மனசு கேக்கல, கெளம்பி வந்துட்டேன்."

சாரதா "உள்ள வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். இன்ஸ்பெக்டர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட வாய் அது.

சரோஜாவின் கண் அறையைச் சுற்றி வந்து கதவோரச் சுவரில் நின்றது. வேல் போட்ட மோதிரம். அவள் வாங்கிப் போட்டதாகத்தான் இருக்க வேண்டும், பார்த்த உடனே முகம் தெளிந்துவிட்டது.

"தோ, மோதரத்த மாட்டிட்டுப் போய்க்கிறான். ஆணில தொங்கினா ஷிப்டுல கீறேன்னு அர்த்தம்மான்னு சொல்லுவான்." கூடையை இறக்கி வைத்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "நான் ஒரு பைத்தியக்காரி, என்னென்னமோ நெனச்சிகினு ஓடி வந்தேன். எத்தினி மணிக்கு வுடுவாங்கம்மா அவன?"

சுபாஷ் திரும்பவில்லை. அவன் தோள் குலுங்கியது. ஊரையே வாயால் வாங்கும் செல்லக்கனி, அந்த ஆணியைப் பார்க்காமல் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "இன்னிக்கு ஓ.டி. போட்டுட்டாவ."